கை தட்டாத இடம்

கும்மிடிப்பூண்டிக்கு யாரும் ஊர் பார்க்கப் போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. ஒரு ஆளுக்குக் கடவுள் மன்னிப்புக் கொடுத்துவிட்டார் என்று போனில் தகவல் வந்தது. எதற்கு மன்னிப்பு என்று கேட்டுவரப் போனேன்.

போன் செய்தவர் தாமோதரன். என் தம்பி முருகேசன் வேலை பார்த்த இரும்பு மில்லில் ஷிப்ட் இன்சார்ஜ். ஆறு வருடத்துக்கு முன்னால் தம்பி அங்கே மெஷினுக்குள் மாட்டிச் செத்தான். மெஷினை நிறுத்த மறந்துவிட்டு உள்ளே இறங்கினான், அவன் கவனக்குறைவு என்று மில்லில் எழுதினார்கள். நேரில் பார்த்தவர் என்று அதில் கையெழுத்துப் போட்டது இதே தாமோதரன்.

தம்பி எதையும் மறக்கிற ஆள் இல்லை. பிறகு ஏன் மறந்தான் என்று சாவு வீட்டிலேயே நான் தோண்டினேன். அன்று காலையில் மனைவி கலாவோடு சண்டை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வேலைக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்தது. எனக்கு அது போதும். அவளால்தான் அவன் புத்தி கலங்கியது, அவள்தான் கொன்றாள் என்று முடிவு கட்டினேன். அதோடு அவளுக்கும் எங்களுக்கும் பேச்சு அறுந்தது. அவள் மீஞ்சூரில் தன் தாய்வீட்டில் இருக்கிறாள், தம்பியைக் கிடத்தியிருந்ததும் அந்த வீட்டில்தான். நான் சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் என்றால் நாற்காலி இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு அதுதான் பெயர்.

"அக்கா, என் பாவத்தயெல்லாம் ஆண்டவரு மன்னிச்சிட்டாரு," என்று தாமோதரன் போனில் அழுதார். "ஞாயித்துக்கெழம சபையில சாட்சி சொல்லப் போறேன். நீங்க வந்து கேக்கணும்."

"என்ன பாவம்?"

"நேர்ல வாங்கக்கா."

மறந்தது என் தம்பி என்றால் இவருக்கு எதற்கு மன்னிப்பு? எட்டாம் வகுப்புப் படித்தவளுக்குக்கூட இந்தக் கேள்வி வரும். வந்தது. கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை. சென்னையில் இறங்கியதுமே தப்பான ரயிலில் ஏறினேன். கையில் இருந்த தாளில் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம் என்று எழுதியிருந்தது. திருவள்ளூர் என்று போட்ட வண்டி நின்றது, ஏறி உட்கார்ந்துகொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. வழி கேட்க எனக்குக் கூச்சம். பஸ்ஸில் என் காலை மிதித்துக்கொண்டு நிற்கிறவரிடம்கூட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், இறங்கும்வரை பொறுத்துக்கொள்வேன்.

ஆவடி தாண்டியதும், கீரைக்கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் தாளை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா நீ! கும்மிடிப்பூண்டி வடக்கால போற லைனு. இது மேக்கால போவுது. ஏறும்போது ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? படிச்சவ மாதிரி கீற."

"எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன்."

"எட்டாவது வரைக்கும் வாய தொறக்க சொல்லித் தர்லியா?"

பெட்டியே சிரித்தது. இனி திரும்புவதைவிடத் திருவள்ளூர் போய், ஊத்துக்கோட்டை வழியாக பஸ் பிடிப்பது மேல் என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். இறங்கும்போது ஒரு கொத்தமல்லிக் கட்டை என் பையில் திணித்துவிட்டுப் போனாள். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

திருவள்ளூர் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் சாப்பிட்டேன். "நாஷ்டா ஆச்சா, இன்னா வோணும்?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திராமல் இட்லியும் வடகறியும் வைத்தார். வடையைப் பிய்த்துப் போட்டுக் குழம்பு மாதிரி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வடை மிஞ்சினால் மறுநாள் வரை வடையாகவே கிடக்கும். ருசியாகத்தான் இருந்தது. கோபமாக இருக்கும்போது ருசி தெரிந்தால் இன்னும் கோபம் வருகிறது.

பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரிலும் தெலுங்கு வீடுகள் உண்டு, எனக்குப் பாதி புரியும். ஒருத்தியின் கணவன் மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான்.

"முடியோட எல்லாம் போயிடுச்சாம். இனிமே பழசைப் பேசக் கூடாதாம் என்கிட்ட."

"பழசுன்னா எது? உன் கையை முறிச்சதா?"

"அதுவும்தான். சாமியே விட்டுட்டாரு, நீ யாருடி கேக்கறதுக்குங்கறான்."

"முடி முளைக்கட்டும். அப்ப பாரு, எல்லாம் சேர்ந்து முளைக்கும்."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னிக்கிற வேலையைக் கடவுள் எடுத்துக்கொண்டால் முறிந்த கைக்காரி எங்கே போவாள்?

தேர்வாய் கண்டிகைப் பக்கம் வந்தபோது சாலையின் இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர்கள். சுவர் முடிகிற இடத்தில் நெல் வயல், வயல் முடிகிற இடத்தில் மறுபடி சுவர். ஷிப்ட் முடிந்த பெண்கள் கழுத்தில் அட்டை தொங்க கம்பெனி பஸ்ஸுக்கு நின்றார்கள். எங்கள் பஸ் அங்கே டயர் வெடித்து முக்கால் மணி நேரம் நின்றது. டிரைவர் டயரைத் திட்டினார், கண்டக்டர் டிரைவரைத் திட்டினார். எனக்கும் திட்ட ஆள் தேவையாக இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைப்பார்.

கும்மிடிப்பூண்டியில் எஸ்தர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். எஸ்தர் தாமோதரனின் சபையைச் சேர்ந்தவர், என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைக்கிறார். "எங்கம்மா சேத்துல நாத்து நட்டா. நான் ஏசி ஓடற எடத்துல தோசை ஊத்தறேன். ரெண்டு பேருக்கும் இடுப்பு ஒரே மாதிரிதாம்மா வலிக்குது," என்றார். கொத்தமல்லிக் கட்டைப் பார்த்ததும், "அய்ய, ஊர்லேர்ந்து இதையா தூக்கிக்கினு வந்த?" என்று வாங்கி எறா தொக்கில் கிள்ளிப் போட்டார். பழவேற்காட்டு எறாலாம். கண்மாய் மீன் தின்று வளர்ந்த எனக்கு அது வேறு தேசத்துச் சாப்பாடு.

நான் யார் என்று எஸ்தருக்குத் தெரியாது. பக்கத்து மில்லில் தம்பி வேலை பார்த்தான் என்று மட்டும் சொன்னேன். அவர் கணவரும் முன்பு அங்கேதான் இருந்தாராம். அப்படித்தான் ஃப்யூஸ் கட்டைப் பேச்சு வந்தது.

"அந்த மில்லுல ரோலருக்கு நடுவுல இரும்புத் துண்டு மாட்டிக்கும். எடுக்க ஆளு உள்ள எறங்கணும். எறங்கறவன் மொதல்ல போர்டுலேர்ந்து ஃப்யூஸ் கட்டையப் புடுங்குவான். பீங்கான் கட்டை, ஊட்ல மீட்டராண்ட இருக்குமே, அதே மாதிரி பெருசு. புடுங்கி தன் பாக்கெட்ல போட்டுக்கினுதான் உள்ள பூருவான். கட்டை அவன் பாக்கெட்ல இருக்கிற வரைக்கும் எவனாலயும் மெஷின ஓட்ட முடியாது. எங்க ஊட்டுக்காரரு ஒரு நாளு அத பாக்கெட்ல வெச்சிக்கினே ஊட்டுக்கு வந்துட்டாரு. அங்க லைனே நின்னு போச்சு. ரெண்டு பேரு சைக்கிள்ல ஓடியாந்தாங்க. இவுரு இங்க குந்திக்கினு கருவாடு துன்றாரு!"

எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கையில் சோறு அப்படியே இருந்தது. ஆறு வருடமாக 'நிறுத்த மறந்தான்' என்றால் ஏதோ சுவிட்சைத் தட்ட மறந்தான் என்றுதான் நினைத்திருந்தேன். உயிரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குகிற மாதிரி ஒரு வழக்கம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்பதைவிட கலாவைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சபை என்பது தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கீபோர்டு, ஒரு டிரம். பெண்கள் முந்தானையை முக்காடு போட்டிருந்தார்கள், நானும் போட்டுக்கொண்டேன். நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். எங்கள் கோயிலில் தப்புச் செய்தவன் அக்கினிச்சட்டி எடுப்பான், பூக்குழி இறங்குவான். கால் வெந்தவனைப் பார்த்திருக்கிறேன். இங்கே கண்ணீர்தான். அது குறைவு என்று சொல்ல வரவில்லை. அழுகிறவர்கள் உண்மையாகத்தான் அழுதார்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகவும் சேர்த்து அழுதாள்.

தாமோதரனை முன்னால் கூப்பிட்டார்கள். ஒல்லியாக, நரைத்துப்போய், வெள்ளைச் சட்டையில் இருந்தார். மைக்கை வாங்கினார்.

"நான் குடிகாரன். பொண்டாட்டிய அடிச்சவன். வேல செய்யற எடத்துல ஒரு சகோதரன் செத்துப்போன காரியத்துல நான் உண்மைய மறச்சவன். ரெண்டு வருசத்துக்கு முன்னால எல்லாத்தயும் ஆண்டவராண்ட கொட்டிட்டேன். அவரு ஒண்ணொண்ணா அழிச்சிட்டாரு. இன்னிக்கு அவராண்ட போயி அந்தக் காரியம்னு கேட்டா, எந்தக் காரியம்பாரு! அவருக்கே ஞாபகம் கெடையாது!"

ஷெட் முழுக்கக் கை தட்டினார்கள். அல்லேலூயா என்று தகரம் அதிர்ந்தது. நான் தட்டவில்லை. முதலில் என் தம்பி மறந்தான் என்றார்கள். இப்போது கடவுளும் மறந்துவிட்டாராம். ஆக, ஞாபகம் வைத்திருக்கிறவள் நான் ஒருத்திதான்.

கூட்டம் முடிந்ததும் பிரியாணி கொடுத்தார்கள். தட்டோடு வெளியே தண்ணீர் டிரம் பக்கம் நின்றேன். தாமோதரன் வந்து கும்பிட்டார்.

"என்ன உண்மைய மறச்சீரு?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். துண்டு மாட்டி லைன் நின்றது. முருகேசன் கட்டையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான். நேரம் ஆகிக்கொண்டே இருந்தது, மேலே இருந்து மேனேஜர் கத்திக்கொண்டே இருந்தார். வேலை முடித்துப் பின்பக்கமாக ஏறி, கட்டையைப் பாக்கெட்டிலேயே மறந்து டீ குடிக்கப் போய்விட்டான் என்று இவராக நினைத்தார். எட்டிப் பார்க்கவில்லை. இவருடைய டிராயரில் உபரியாக ஒரு கட்டை இருந்தது. அதை எடுத்துப் போர்டில் சொருகினார்.

"சத்தம் கேட்டப்பறந்தான் தெரியுங்கக்கா. தூக்கும்போது அவன் பாக்கெட்ல கட்டை இருந்திச்சி. அத நான் எடுத்துட்டேன்."

"எடுத்து?"

"ஆரணி ஆத்துல போட்டுட்டேன்."

பிரியாணித் தட்டைத் தரையில் வைத்தேன். கையில் இருந்தால் அவர் முகத்தில் போயிருக்கும்.

"கடவுள்கிட்ட எப்பச் சொன்ன?" மரியாதை போய்விட்டது. அதை நான் தேடவில்லை.

"ரெண்டு வருசம் ஆச்சிக்கா."

"ரெண்டு வருசமா கடவுளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவரு மன்னிச்சு, மறந்தும் போயிட்டாரு. செத்தது அவரு தம்பியாய்யா? என் தம்பில்ல செத்தான்!"

இவ்வளவு சத்தம் என்னிடம் இருப்பதை நானே மறந்திருந்தேன். போதகர் ஓடி வந்தார். இளைஞர், வார நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறாராம். என்னை அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா," என்றார். நான் உட்காரவில்லை.

"ரெண்டு வருசமா நான் சொல்லிக்கினேதாம்மா இருந்தேன். அந்தக் குடும்பத்தாண்ட போ, போன்னு. மன்னிப்பு சீக்கிரமா வந்துடுதும்மா. ஆளு நடந்து போறதுக்குத்தான் நேரமாவுது."

"இங்க சொன்னா கை தட்டுறாக. கறிச்சோறு போடுறாக. கை தட்டாத இடத்துல சொல்லச் சொல்லுங்க. எந்த மில்லு வாசல்ல என் தம்பி மறந்துட்டான்னு சொன்னாரோ, அங்க நின்னு சொல்லட்டும். நாளைக்குக் காலைல. ஷிப்ட்டு மாறும்போது."

தாமோதரனின் முகம் வெளிறியது. "வேல போயிடும்க்கா. கேசு ஆனாலும் ஆவும்."

"ஆவட்டும். கடவுள் கூடத்தான இருக்காரு?"

போதகர் தாமோதரனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எஸ்தர் வீட்டுக்கு வேகமாக நடந்தேன். வழியில் கலாவின் பெயர் மனதுக்குள் வந்தது. வந்த வேகத்தில் தள்ளிவிட்டேன். அன்றைக்கு எனக்குத் தாமோதரன் ஒருவரே போதும்.

திங்கட்கிழமை. காலையில் மில் வாசலுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். எஸ்தரும் வேலைக்குப் பிந்திப் போவதாகச் சொல்லிவிட்டு என்னோடு வந்திருந்தார். இதற்குள் அவருக்கு எல்லாம் தெரியும். "நீ சொல்லியிருக்கக் கூடாதாம்மா? நான் பாட்டுக்கு சிரிச்சிக்கினு இருந்தேனே," என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டார். காற்றில் துரு வாசனை. எங்கள் ஊரில் கந்தக வாசனை. இரண்டும் தொண்டையில் ஒரே இடத்தில்தான் உட்காருகின்றன.

தாமோதரன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வரக்கூடாது என்று ஆசைப்பட்டேன். வராவிட்டால் சாகும்வரை அவரைத் திட்டிக்கொண்டிருக்கலாம்.

வந்தார். உள்ளே போகிற கூட்டத்துக்கும் வெளியே வருகிற கூட்டத்துக்கும் நடுவில், கேட் ஓரமாக நின்றார். இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். பிறகு கத்தியே சொன்னார். டிராயரில் இருந்த கட்டை, சொருகியது, பாக்கெட்டிலிருந்து எடுத்தது, ஆற்றில் போட்டது. முருகேசன் என்ற பெயரை மூன்று முறை சொன்னார். ஆண்டவர் பெயரை ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

சரியான இடம் என்று நான் நினைத்த அந்த இடத்தில், முக்கால்வாசிப் பேருக்குத் தமிழே தெரியாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த காண்டிராக்ட் ஆட்கள். முருகேசனைப் பார்த்ததே இல்லாதவர்கள். இதற்கா வந்தேன் என்று இருந்தது. பத்து வருடமாக இங்கே இருக்கும் ஒரு மீசைக்காரர், கையில் டீ கிளாஸோடு, தாமோதரன் சொல்வதைத் தன் ஆட்களுக்கு அவர்கள் பாஷையில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர்கள் திரும்ப ஏதோ கேட்டார்கள். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"என்ன சொல்றாக?" என்றேன்.

"ஒரே கேள்விதான்மா கேக்கறாங்க," என்றார் மீசைக்காரர். "அந்த டிராயர்ல இன்னொரு கட்டை இப்பவும் இருக்கான்னு."

அதையே தாமோதரனைப் பார்த்து உரக்கக் கேட்டார். தாமோதரன் தரையைப் பார்த்தார்.

"கீது," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் உள்ளே போகவில்லை. கடவுள் அழித்துவிட்டாராம்! பாவம் டிராயரில் பத்திரமாக இருந்திருக்கிறது, அடுத்த ஆளுக்காக. செக்யூரிட்டி கம்பை ஆட்டி விரட்டினான். யாரும் நகரவில்லை. பழைய கிரேன் ஆபரேட்டர் ஒருவர் முன்னால் வந்தார். தம்பியோடு வேலை பார்த்தவர் என்று எஸ்தர் காதில் சொன்னார்.

"ஏண்டா தாமு, ரெண்டு வருசமா ஜபம் பண்ணிக்கினு கீற. டிராயர தொறந்து அத எடுக்கணும்னு தோணவே இல்லியா? போ. எடுத்துக்கினு வா. அப்பறம் பாப்போம் உன் சாமிய."

தாமோதரன் உள்ளே போனார். கால் மணி நேரம் ஆனது. உள்ளே யாரோ கத்துவது கேட்டது. திரும்பி வந்தபோது கழுத்தில் அட்டை இல்லை. கையில் அந்தப் பீங்கான் கட்டை இருந்தது. வெள்ளையாக, ஒரு சோப்புக் கட்டி அளவுக்கு. ஆபரேட்டர் வாங்கி, ரோட்டில் ஓங்கி அடித்தார். உடைந்தது. ஒடிசாக்காரர் ஒருவர் பெரிய துண்டைக் காலால் சாக்கடைக்குள் தள்ளினார். பிறகு எல்லோரும் உள்ளே போனார்கள், வேலைக்கு.

ஆபரேட்டர் போகிற போக்கில் திரும்பிப் பார்த்தார். "டேய், அவன் சம்சாரத்தாண்ட சொன்னியா? இந்தத் தெற்கத்தி அம்மாவாண்ட சொல்லிட்டா ஆச்சா? அந்தப் பொண்ணுதான்டா ஊரு பேச்செல்லாம் வாங்கிச்சி."

"ரெண்டு வாட்டி அவுங்க ஊட்டு வாசல் வரைக்கும் போனேண்ணா. திரும்பி வந்துட்டேன். இன்னிக்கிப் போறேன்."

"நீ போக வேண்டாம்," என்றேன். "அது நான் சொல்ல வேண்டியது."

தாமோதரன் என்னைப் பார்த்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. என்னிடம் அது இல்லை. இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்றும் தெரியாது. அந்த வாசலுக்கு வந்து நின்றாரே, அவரை அங்கே கொண்டு வந்து நிறுத்தியது கடவுள்தான் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அது சபையில் நடக்கவில்லை.

மீஞ்சூர் சில ஸ்டேஷன்கள்தான். ரயிலில் மீன் கூடைகள், அனல்மின் நிலையத்து வேலையாட்கள், கொய்யாப்பழம் விற்கிறவர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு ஊரும் கண்ணில் படவில்லை. பொன்னேரியில் வண்டி சிக்னலுக்காக வெகுநேரம் நின்றது. எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது இன்னும் கொஞ்சம் நிற்கலாமே என்று இருந்தது. தாமோதரனை அவ்வளவு சீக்கிரம் மன்னித்ததற்காகக் கடவுள் மேல் இரண்டு நாள் கோபப்பட்டேன். இப்போது, மீஞ்சூர் வருவதற்குள் அதே சாமியோ எங்கள் மாரியாத்தாளோ யாராவது என்னை மன்னித்துவிட்டால் தேவலை, இப்படியே ஊருக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் என் மேலேயே எரிச்சல் வந்தது. வண்டி மீஞ்சூரில் நின்றது, இறங்கினேன்.

சாவுக்கு வந்த தெரு அடையாளம் தெரியவில்லை. இந்த முறை வழி கேட்டேன். நான்கு பேரிடம் கேட்டேன்.

கலாவும் ஏதோ கம்பெனி வேலைக்குப் போகிறாளாம், அன்று இரண்டாம் ஷிப்ட், வீட்டில் இருந்தாள். வாசல் குழாயில் குடம் வைத்திருந்தாள். என்னைப் பார்த்துக் குழாயை மூடினாள். முன்பெல்லாம் அண்ணி என்பாள். எங்கள் பக்கம் மதினி என்போம், இங்கே அண்ணி.

"இன்னாத்துக்கு வந்த?" என்றாள்.

நின்றபடியே தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டை, டிராயர், ஆறு, காலையில் மில் வாசலில் நடந்தது. அவள் அழவில்லை. குடத்தின் வாயைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவுரு மறக்கலன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "சோறு துன்னாம போனாலும் சரி, என்னாண்ட பத்து நாளு பேசாம இருந்தாலும் சரி, அந்தக் கட்டைய மறக்க மாட்டாரு. என்னைக் கட்டினு ஏழு வருசம். நீ கூடப் பொறந்தவ. உனக்கு எப்பிடித் தெரியாம போச்சி?"

"தப்புப் பண்ணிட்டேன் கலா. உள்ள வந்து…"

"உள்ள வராத."

நான் படியில் வைத்த காலை எடுத்தேன்.

"அன்னிக்கி எங்க நின்னு கத்துன? உள்ளயா? பொணத்த வெச்சிக்கினு அதோ அந்தக் கரண்ட் கம்பத்தாண்ட நின்னு கத்துன. புருசன முழுங்கினவன்னு கத்துன. வாய தொறக்காத பொம்பள, அவளே இப்பிடிக் கத்தறான்னா உண்மையாத்தான் இருக்கும்னு இந்தத் தெருவே நம்பிச்சி. இன்னிக்கும் ஒரு கல்யாணத்துக்கு என்னக் கூப்புடறதுக்கு யோசிக்கறாங்க. எனக்கு மட்டும் வந்து காதுல சொல்லிட்டுப் போவியா? அங்க போயி நின்னு சொல்லு."

"சொன்னா மன்னிச்சிருவியா?"

"அது என் பாடு. நீ மொதல்ல போயி நில்லு."

கம்பம் பத்து அடி தூரத்தில் இருந்தது. அந்தப் பத்து அடியை நடக்கும்போது தாமோதரனின் கால் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. தெரிந்ததால் அவர் மேல் கோபம் குறையவில்லை. கம்பத்தருகே திரும்பி நின்றேன். எதிர்வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த பெண் முறத்தை நிறுத்தினாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆண்கள் பைக்கை நிறுத்தினார்கள்.

"நான் முருகேசனோட அக்கா, பாக்கியம்," என்றேன். "என் தம்பி சாவுக்குக் கலா காரணமில்ல. நான் அன்னைக்குச் சொன்னது…"

"இன்னாம்மா சொல்ற?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் கேக்கல!"

கலா வாசலில் கைகட்டி நின்றாள்.

"கேக்கலயாம்," என்றாள்.

முக்காடு போல இழுத்துப் பிடித்திருந்த முந்தானையைக் கீழே விட்டேன். மூச்சை இழுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி, முதலிலிருந்து சொன்னேன்.